ஐந்தாவது குரலுக்கு ஓர் அறை

எங்கள் வீடு நான்கு குரல்களுக்குக் கட்டப்பட்டது. நகராட்சி ஒப்புதல் கொடுத்த பிளானில் ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை, சாமி அறை ஆகியவற்றின் அளவுகளுக்குக் கீழே அந்த நான்கு குரல்களும் பெயரோடு எழுதப்பட்டிருக்கின்றன. ஐந்தாவதாக ஒருவர் இங்கே தங்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம், தும்மக்கூடச் செய்யலாம். பேசினால் கேட்காது. கேட்டைத் தாண்டித் தெருவில் கால் வைத்த பிறகுதான் அவர் குரல் கேட்கும்.

விருந்தாளிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வந்து போகிறவர்களின் குரலை எந்த வீடும் தடுப்பதில்லை. குடியிருக்க வருகிறவர்களுக்குத்தான் பிளானில் பெயர் இருக்க வேண்டும்.

அப்பா வீட்டைக் கட்டியபோது அந்த நான்கு பெயர்கள் அப்பா, அம்மா, நான், என் தங்கை சாந்தாமணி. அவளுக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆனது. மறுநாள் காலையில் அப்பா நகராட்சிக்குப் போய் அவள் பெயரை நீக்கிவிட்டு வந்தார். ரேஷன் கார்டில் நீக்குகிற மாதிரிதான், வரிசைகூட அதே வரிசை. மூன்று மாதம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. காலியாக இருந்த இடத்தில் என் மனைவி தேவகியின் பெயரை எழுதினார்கள். இடம் வீணாகவில்லை என்று அப்பாவுக்குத் திருப்தி.

பதினோரு வருடம் கழித்து ஒரு புதன்கிழமை காலையில் சாந்தாமணி ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்று, "அம்மா, வந்துட்டனுங்க" என்றாள். கோலம் போடத் தெருவில் நின்றிருந்த அம்மாவுக்கு அது கேட்டது. உள்ளே வந்து பையை அலமாரியில் வைத்தாள். கையிலேயே வைத்திருந்தால் விருந்தாளி என்று ஆகியிருக்கும். பிறகு ஹாலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். மதியம் வரை பேசினாள். நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்தாள், ஒருமுறை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாங்கள் நால்வரும் எதிரே உட்கார்ந்து அவள் வாயைப் பார்த்தோம். தலையாட்ட வேண்டிய இடம் என்று தோன்றியபோது தலையாட்டினோம். ஏன் வந்தாள் என்பதை அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். எங்களுக்குத்தான் தெரியாது.

எழுதிக் காட்டலாமே என்று கேட்பீர்கள். எழுதினாள். முழுத்தாளில் இரண்டு பக்கமும் நிறைய எழுதினாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பா கண்ணாடியைத் தேடினார், அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. தேவகி, இது உங்கள் குடும்ப விஷயம் என்று தாளை என்னிடம் நீட்டினாள். முதல் வரியில் எல்லாரும் சுகமா என்று கேட்டிருந்தாள். கையெழுத்து பள்ளிக்கூடத்தில் இருந்த மாதிரியே அழகாக இருக்கிறது என்று சொல்லி, மீதியை ஞாயிற்றுக்கிழமை படிக்கலாம் என்று மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகினேன். நான் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே லீவு கிடையாது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தெருவில் நின்று அவள் பேசியிருக்கலாம். ஆனால் அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ரோட்டுல நின்னு ஊட்டுக் கதையப் பேசாத கண்ணு. நாலு பேரு காதுல உளும்."

சாந்தாமணி சரி என்று தலையசைத்தாள். அதற்குப் பிறகு அவள் மளிகைக் கடையில் பருப்பும் பால்காரரிடம் அரை லிட்டர் பாலும் கேட்பதைத் தவிர வேறு எதுவும் தெருவில் பேசவில்லை. வீட்டுக்குள் வந்தால் பேசிக்கொண்டே இருந்தாள். சமையலறையில் அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே தேவகி வெங்காயம் நறுக்குவாள். இரண்டு மாதம் இப்படிப் போனது. அம்மாதான் தாங்க முடியாமல் அழுதாள். பெற்ற பிள்ளை என்ன சொல்கிறது என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை என்றாள். ஒரு ரூம் இழுத்துக் கட்டிவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். அவர் முடிவு செய்தது தெருமுனை வரை கேட்டது. நாற்பது வருடம் நூல் மில்லில் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது.

எங்கள் ஊரில் சுவருக்கு இன்ஜினியர் போதும். குரலுக்கு இடம் எடுக்க வேண்டுமென்றால் ஆர்க்கிடெக்ட் வேண்டும். இதில் அவசரப்படக் கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவர் ஆளைச் சரியாக விசாரிக்காமல் வேலையைக் கொடுத்துவிட்டு, இப்போது மாடியறையில் தன் மாமியாரின் குரல் மட்டும் இரண்டிரண்டு முறை கேட்க வாழ்ந்து வருகிறார். நாங்கள் மூன்று பேரை வரவழைத்துப் பார்த்து, அவர்களில் ஒருவரை அமர்த்துவது என்று வைத்துக்கொண்டோம்.

முதலில் வந்தவர் ரிஷிகேஷ். கோயம்புத்தூரில் கண்ணாடி வைத்த ஆபீஸ் இருப்பதாக என் மாமா சொல்லி அனுப்பினார். சின்ன வயது. வந்ததும் எங்கள் நால்வரையும் தனித்தனியாக ஹாலின் நடுவில் நிற்க வைத்து, காய்கறிப் பெயர்களைச் சொல்லச் சொன்னார். அம்மா கத்தரிக்காய் என்றாள். அவர் சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார். அப்பா சுரைக்காய் என்றபோது கையை எடுத்துவிட்டார். பிறகு உட்கார்ந்து அமைதியாகச் சொன்னார்.

"சார், புதுசா எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஆளுக்குக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா அஞ்சாவது குரலுக்கு இந்த வீட்டுலயே இடம் இருக்கு. சார் ஒருத்தரே பாதி குறைச்சாலும் போதும். செங்கல் வேண்டாம், அப்ரூவல் வேண்டாம். நாளைக்கே அவங்க பேசலாம்."

அம்மா, தன் குரல் ஏற்கெனவே குறைச்சல்தான், இதற்குமேல் எதைக் குறைப்பது என்றாள். தேவகி, தான் இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடம்தானே ஆகிறது என்றாள். நான், நாள் பூராவும் போனில் டிரைவர்களோடு கத்துகிறவன், வீட்டில் குறைத்தால் ஆபீஸிலும் குறைந்துவிடும் என்றேன். சொன்னதெல்லாம் உண்மைதான். அப்பா வாசல் வரை போய் ரிஷிகேஷின் செருப்பைத் தெருப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தார். ரிஷிகேஷ் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

இரண்டாவதாக வந்தவர் கனகவல்லி. ஐம்பது வயது இருக்கும். ஸ்கூட்டரில் ஒரு மடக்கு நாற்காலியைக் கட்டிக்கொண்டு வந்தார். எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. சாந்தாமணியைப் பார்த்து, "நீங்க பேசுனாத்தான் நான் வரைய முடியுங்க. வாங்க" என்று சொல்லி, கேட்டுக்கு வெளியே டிரான்ஸ்பார்மர் நிழலில் நாற்காலியை விரித்தார். அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தான் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்துகொண்டார். அப்பா தடுப்பதற்குள் சாந்தாமணி ஆரம்பித்துவிட்டாள்.

நான்கு மணி நேரம். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் எதுவும் கேட்காது. இஸ்திரி வண்டிக்காரர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு நின்றதையும், எதிர் வீட்டு அம்மாள் கோலப்பொடி டப்பாவோடு படியில் உட்கார்ந்ததையும் பார்த்தேன். தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கினார். கனகவல்லி தலை நிமிராமல் வரைந்துகொண்டே இருந்தார். தாள் தீர்ந்தபோது இஸ்திரிக்காரர் தன் பழைய நியூஸ்பேப்பர்களைக் கொண்டுவந்து கொடுத்தார். போய்க் கேட்டிருக்கலாம். பத்தடி நடந்திருந்தால் போதும். அப்பா ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து வெளியே போவது மரியாதையாக இருக்காது என்று இருந்துவிட்டேன்.

மாலையில் கனகவல்லி பிளானைக் கொண்டுவந்து ஹாலில் விரித்தார். ஹால் போதவில்லை. ஒரு பகுதியைச் சமையலறை வரை தள்ள வேண்டியிருந்தது.

"இந்த ரூம் ஊட்ட விடப் பெருசா இருக்குதுங்களே?" என்றார் அப்பா.

"ஆமாங்க. பதினோரு வருசம் இருக்குதில்லீங்களா. இதுவே நெருக்கித்தான் போட்டிருக்கறேன்."

"ஊட்ட விடப் பெரிய ரூம் கட்டுனா, அப்புறம் ஊடு ரூமோட விரிவாக்கம்னு ஆயிருமுங்க."

"ஆகுமுங்க" என்றார் கனகவல்லி. "அது தப்பில்லீங்க."

அவரை அனுப்பிவிட்டோம். அவர் வேலை தெரிந்தவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் தெருவில் நாற்காலி போட்டு உட்காருகிற ஆள் நமக்குச் சரிப்பட்டு வராது என்று அப்பா சொன்னார். அன்றிலிருந்து தெருவில் எல்லாரும் எங்களைக் கொஞ்சம் வேறு மாதிரி பார்த்தார்கள். இஸ்திரிக்காரர் அப்பாவின் வேட்டியை மடிக்காமல் கொடுத்தார். யாரும் எங்களிடம் எதையும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

மூன்றாவதாக வந்தவர் புவனேந்திரன். நெற்றியில் விபூதி, கையில் டேப், பேச்சில் அப்படி ஒரு பணிவு. செருப்பை வெளியே கேட் பக்கத்திலேயே விட்டுவிட்டு வந்தார். அம்மாவுக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

"அவங்களைச் சிரமப்படுத்த வேண்டியதில்லீங்க" என்றார் சாந்தாமணியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு. "குடும்பத்துல இருக்கறவங்களுக்குத் தெரியாததுங்களா? நீங்க சொல்லுங்க, நான் அளவெடுத்துக்கறேன்."

இதுதான் முறை என்று எங்களுக்கும் பட்டது. வரிசையாக உட்கார்ந்து சொன்னோம். அவள் ஒருநாளும் அதட்டிப் பேசியதில்லை என்றாள் அம்மா. தனக்கு இது வேண்டும் என்று கேட்ட பிள்ளையே இல்லை, அதனால் பெரிய ஜன்னல் தேவைப்படாது என்றாள். அப்பா, எதைச் சொன்னாலும் சரிங்கப்பா என்றுதான் சொல்லும், எதிர்ச்சுவர் வலுவாக இருக்க வேண்டியதில்லை என்றார். நான், பேசுவதற்கு முன்னால் ஒரு சிரிப்பு சிரிப்பாள், அதற்கு வாசல் பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கள் என்றேன். தேவகி, தனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை என்றாள். புவனேந்திரன் அந்த வரியில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். சாந்தாமணி எங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் வேகமாக அசைந்துகொண்டிருந்தது. கையைக்கூட ஆட்டினாள். புவனேந்திரன் அளவு முடியும் வரை மரியாதையாகத் தலை குனிந்திருந்தார்.

நகராட்சிப் படிவத்தில் குரலின் பெயர், குரலின் வயது என்று இரண்டு இடம் இருந்தது. வயது என்ன போடட்டும் என்று கேட்டார்.

"பத்தொம்பது போடுங்க" என்றார் அப்பா. "இந்த ஊட்டுல கடைசியா இருந்தப்ப அதுதானுங்க வயசு."

சாந்தாமணிக்கு முப்பது ஆகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்பா சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. திருத்தினால் புதுப் படிவம் வாங்க வேண்டும், அதற்கு அப்பாவிடம் சொல்ல வேண்டும். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, புவனேந்திரனை எங்கள் ஆர்க்கிடெக்டாக அமர்த்தினோம். அவர் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

துணி துவைக்கும் கல் இருந்த பக்கம் எட்டுக்குப் பத்தில் அறை எழுந்தது. குரலுக்கு எடுக்கும் அறையில் சுவர் எழும்புகிற வரை உள்ளே யாரும் பேசக் கூடாது. பேசினால் அது சிமெண்டில் கலந்துவிடும். கொத்தனார் சைகையில்தான் கலவை கேட்டார். அவர்களுக்கு டீ கொண்டுபோகும் வேலையைச் சாந்தாமணிக்குக் கொடுத்தோம். அவள் பேசினாலும் பரவாயில்லை என்பது ஒரு வசதி.

மூன்று மாதத்தில் வேலை முடிந்தது. பால் காய்ச்சினோம். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, சாந்தாமணி வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். அறையின் நடுவில் நின்று எங்களைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அவள் உதட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அறையிலிருந்து வந்தது. வாசல் பக்கம் முதலில் ஒரு சிரிப்பு, பிறகு, "அம்மா, பால் பொங்கிருச்சுங்க!"

பத்தொன்பது வயதுக் குரல். நான் அவள் கல்யாணத்தன்று காலையில் கடைசியாகக் கேட்ட அதே குரல். அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து சுவரைத் தடவினாள். "எஞ் சாமி, வந்துட்டயா, வந்துட்டயா" என்று அழுதாள். அப்பா, "நல்லா இருக்கறயா கண்ணு?" என்று கேட்டார். "நல்லா இருக்கறனுங்கப்பா" என்றது குரல். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாந்தாமணி அறையின் நடுவில் நின்றபடி சுற்றிலும் சுவர்களைப் பார்த்தாள். அவள் உதடுகள் அப்போது மூடியிருந்தன.

அதற்குப் பிறகு வீடு கலகலப்பாக ஆகிவிட்டது. காலையில் குரல், "அண்ணா, டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்கும். மதியம் அம்மா அந்த அறையில் பாய் விரித்து உட்கார்ந்து குரலோடு பேசிக்கொண்டிருப்பாள். காலேஜில் சேர்ந்திருந்தால் என்ன படித்திருப்பாய் என்று கேட்பாள். "கணக்குங்கம்மா, ஆனா அப்பா சொல்றதுதானுங்க சரி" என்று குரல் சொல்லும். சாந்தாமணி அதே அறையில் மூலையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பாள். குரல் அவளை அக்கா என்று கூப்பிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே அப்படித்தான் கூப்பிட்டது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் புவனேந்திரனை வரவழைத்தேன். என் தங்கை பேசுவது இன்னமும் கேட்கவில்லை என்றேன். அவர் நான்கு சுவரையும் தட்டிப் பார்த்தார். குரலிடம் இரண்டு கேள்வி கேட்டார், அது பணிவாகப் பதில் சொன்னது.

"அளவு சுத்தமா இருக்குதுங்களே" என்றார். "நீங்க சொன்னதுல ஒரு நூல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"அப்போ இவ?"

"சாந்தாமணிங்கற பேருக்கு அப்ரூவல் ஆகி, குரல் குடியும் வந்தாச்சுங்க. ஒரே பேரை ரெண்டு தடவை ஏத்த மாட்டாங்க." தெரிந்தவர்கள் யாராவது வீடு கட்டினால் தன்னைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு கிளம்பினார்.

அன்று மாலை சாந்தாமணி கேட்டைத் தாண்டித் தெருவில் போய் நின்றாள். நானும் போனேன். இந்த முறை அப்பா குளித்துக்கொண்டிருந்தார்.

"சாந்தா, கோவமா?" என்றேன்.

"இல்லண்ணா." அவள் குரல் கனத்திருந்தது. கொஞ்சம் கரகரப்பு. அந்தக் குரலை நான் அதற்குமுன் சரியாகக் கேட்டதே இல்லை. "அது நானில்லன்னு சொல்ல மாட்டேன். நாந்தான். ஆனா அதுக்கு ஒண்ணுமே தெரியாதுண்ணா. நான் பக்கத்துல உக்காந்து சொல்லிச் சொல்லிப் பாக்கறேன். ஊட்டுக்குள்ள அதுக்கும் கேக்க மாட்டேங்குது."

"என்ன சொல்றே அதுகிட்ட?"

அவள் என்னைப் பார்த்தாள். அப்போது உள்ளேயிருந்து அப்பா துண்டு கேட்டுக் கூப்பிட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனேன். திரும்பி வந்தபோது அவள் பால் வாங்கப் போயிருந்தாள்.

அடுத்த மாதம் தரகர் வந்தார். வீட்டில் பத்தொன்பது வயதில் நல்ல அடக்கமான குரல் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றார். காங்கேயம் பக்கம் ஒரு குடும்பம், ஜவுளிக் கடை, வீடு ஐந்து குரலுக்கு அப்ரூவல் ஆனது, இருப்பது நான்கு, ஒரு இடம் சும்மா கிடக்கிறது. குரல் நன்றாக அமைந்தால் வேறு எதுவும் எதிர்பார்க்க மாட்டார்கள் என்றார். ஜாதகம் அம்மாவிடம் பழையது இருந்தது. பார்த்ததில் பொருத்தம் எட்டு வந்தது. இந்தத் தடவை நன்றாக விசாரித்துத்தான் கொடுப்பது என்று அப்பா சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா அப்பா, ஒரு அத்தை. நானும் லீவு போட்டிருந்தேன். புது அறையின் சுவருக்கு அம்மா ஒரு முழம் மல்லிகை சாத்தியிருந்தாள். அறைக்குள் பாய் விரித்து எல்லாரையும் உட்கார வைத்தோம். குரலால் தட்டைத் தூக்க முடியாது என்பதால் சாந்தாமணி காபி கொண்டுவந்தாள். வந்தவர்கள் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"பாடத் தெரியுமா கண்ணு?" என்று மாப்பிள்ளையின் அம்மா சுவரைப் பார்த்துக் கேட்டார்.

ஒரு சிரிப்பு. "கொஞ்சம் தெரியுங்க."

"எதுத்துப் பேசற பழக்கம் உண்டா?"

"இல்லீங்க."

மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது என்பது அவர் காபியை ஊதாமல் குடித்ததிலேயே தெரிந்தது. அத்தை தட்டு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொண்ணு ஒரு வார்த்தை சொல்லீரட்டுங்க" என்றார். பிறகு சுவரிடம், "என்ன கண்ணு, உனக்குச் சம்மதந்தானே?" என்று கேட்டார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஹாலில் இதே கேள்வியைக் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவள் அன்றைக்கு என்ன சொன்னாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குரல் அதையேதான் ஆரம்பித்தது.

"அப்பா இஷ்டம்..."

சாந்தாமணி காபித் தட்டைத் தரையில் வைத்தாள். நேராக நடந்து ஹாலைத் தாண்டி, கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போனாள். ஜன்னல் வழியாக அவள் வாய் திறப்பது தெரிந்தது. எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

குரல் பாதியில் நின்றது. பிறகு, "கொஞ்சம் இருங்க, அக்கா கூப்படறாங்க" என்றது. வந்தவர்களைத் தாண்டி, என் தோளுக்குப் பக்கத்தில் வந்து, ஹாலுக்குப் போனது. "எஞ் செருப்பு எங்கீங்கம்மா?" என்று அங்கிருந்து கேட்டது. அலமாரிக்குக் கீழே என்று அம்மா பழக்கத்தில் சொன்னாள். கேட் கிறீச்சென்றது.

அப்பா என்னைப் பார்த்தார். போய்க் கூட்டிக்கொண்டு வா என்று அர்த்தம். போனேன்.

கேட்டுக்குள் நிற்கும் வரை சாந்தாமணி தனியாக நின்று வாயசைத்துக்கொண்டிருந்தாள். ஒரு காலை வெளியே வைத்தேன். இரண்டு குரல் கேட்டது.

"அந்த ஊட்டுல எம் பேர எளுதவே இல்ல" என்று சாந்தாமணி சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கி எளுதறோம், நாளைக்கி எளுதறோம்னாங்க. அப்புறம் எதுக்கு எளுதோணும்னாங்க. பதினோரு வருசம். இங்கயும் அடிச்சாச்சு, அங்கயும் எளுதல."

"அண்ணனுக்குப் போன் பண்ணலீங்களா?" என்றது பத்தொன்பது வயதுக் குரல்.

"மாசாமாசம் பண்ணுனேன். அங்கிருந்து பேசுனா யாருக்குக் கேக்கும்? லைன் சரியில்ல, நீ நல்லா இருப்பேன்னு நெனைக்கறேன், வெச்சரட்டுமான்னு கேட்டுட்டு வெச்சிருவாங்க."

அது நான். மாதம் ஒருமுறை ஒன்றும் கேட்காத போன் ஒன்று வரும், நான் அப்படித்தான் சொல்லி வைப்பேன். நன்றாக நினைவிருக்கிறது. இஸ்திரிக்காரர் வண்டியிலிருந்து என்னைப் பார்த்தார். அவருக்கு இது ஐந்து மாதமாகத் தெரியும்.

"அப்புறங்கக்கா?" என்று கேட்டது குரல்.

அவள் சொன்னாள். வயிற்றில் இருந்த குழந்தை இல்லாமல் போனதைச் சொன்னாள், அன்றைக்கு வலியில் கூப்பிட்டது அடுத்த அறைக்குக் கேட்காததைச் சொன்னாள். குரல் இடையில் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. நான் முழுவதையும் கேட்டேன். உள்ளே காபி ஆறிக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு, "சாந்தா, உள்ள வா" என்றேன். யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. "அப்பாகிட்ட நான் சொல்றேன். எல்லாத்தையும் நான் சொல்றேன்."

"நீங்க சொல்லுங்கண்ணா, நல்லதுதான்" என்றாள் அவள். "ஆனா அவரு திருப்பி ஏதாச்சும் கேட்டா, உள்ள வந்து நான் எப்படிப் பதில் சொல்றது?"

பஸ் வந்தது. எங்கள் தெருமுனையில் அது நின்று போகும். சாந்தாமணி கையைக் காட்டிக்கொண்டே அங்கே நடந்தாள், நானும் பின்னால் போனேன். பையைக்கூட எடுக்கவில்லை. ஏறும்போது, "பாத்து, படி உசரம்" என்று சொன்னாள், என்னிடமல்ல. ஒரு சின்னச் சிரிப்பு படிக்கட்டில் கேட்டது.

நான் ஜன்னலோரமாக ஓடினேன். அவள் கண்டக்டரிடம் கடைசி ஸ்டாப்புக்கு இரண்டு டிக்கெட் கேட்டாள். அவர் இரண்டு கிழித்துக் கொடுத்தார். உள்ளே கூட்டமாக இருந்தது. ஓர் இருக்கையில் ஜன்னலோரம் சாந்தாமணிக்கு இடம் கிடைத்தது, அதன் மறுபாதியில் ஒருவர் தன் பெரிய பையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். கண்டக்டர் அவர் தோளைத் தட்டி, "பையத் தூக்குங்க சார், அந்தப் பொண்ணு நிக்குதில்ல?" என்றார். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பையை எடுத்துத் தலைக்கு மேலே கம்பியில் வைத்தார்.